கமிஷன் வந்தால் என் மகனின் பள்ளி போய்விடுமா?

பாஸ்டனிலிருந்து ஒரு வாசகி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். பெயரையும் அடையாளம் காட்டும் சில விவரங்களையும் எடுத்துவிட்டு, சுருக்கிச் சொல்கிறேன்.

பாஸ்டன் நகரின் டார்செஸ்டர் பகுதியில் வாடகை வீடு. கணவர் எச்-1பி விசாவில் வேலை பார்க்கிறார். மகன் ஏழாம் வகுப்பு. இரண்டாம் வகுப்பிலிருந்தே, நகரப் பிள்ளைகளைப் புறநகர்ப் பள்ளிகளில் சேர்க்கும் மெட்கோ என்ற திட்டத்தில், நகரத்துக்கு மேற்கே ஒரு புறநகர்ப் பள்ளிக்குப் போகிறான். காலை ஐந்தரைக்கு அவனை எழுப்பி, ஆறேகாலுக்கு முனையில் நிற்கும் மஞ்சள் பஸ்ஸில் ஏற்றிவிடுகிறார். தோசையைச் சுருட்டி ஃபாயிலில் கொடுத்தனுப்பினால் பாதி நாள் அது சாயங்காலம் அப்படியே திரும்பி வருகிறது, ஏனென்றால் பையன் ஏறியதுமே ஜன்னலில் தலையைச் சாய்த்துத் தூங்கிவிடுகிறான். ஆனாலும் அந்தப் பள்ளியில் அவன் நன்றாக இருக்கிறான், வயலின் கற்றுக்கொள்கிறான், நண்பர்கள் இருக்கிறார்கள். இப்போது பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் "மெட்கோவை மறுஆய்வு செய்ய சட்டமன்றம் கமிஷன் போடப் போகிறது" என்று ஒரு செய்தி சுற்றுகிறது. அதிலிருந்து இவருக்குத் தூக்கம் இல்லை. திட்டத்தை மூடிவிடுவார்களா, நடுவில் பையனை அனுப்பிவிடுவார்களா, "கோர்ட்டு கொடுத்த திட்டத்தை" சட்டமன்றம் தொட முடியுமா, 2023-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சேர்க்கையில் இனத்தைப் பார்ப்பது பற்றித் தீர்ப்பு சொன்ன பிறகு இது சட்டப்படி செல்லுமா, விசாவில் இருப்பவர்கள் கமிஷன் முன் பேசலாமா என்று கேட்கிறார். அதே புறநகரில் இருக்கும் கொழுந்தனார், "என் வீட்டு முகவரியைக் கொடுத்து இப்போதே சேர்த்துவிடுங்கள், பிரச்சினை தீர்ந்தது" என்கிறாராம். நான்கு வயது மகளுக்கும் இதே திட்டத்தில் இடம் வேண்டும் என்கிறார்.

சகோதரி, முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கமிஷன் என்ற சொல்லைக் கேட்டுப் பயப்படுவதை நிறுத்துங்கள். உங்கள் மகனின் இடத்துக்கு ஆபத்து இல்லை என்று சொல்ல வரவில்லை, ஆபத்து வேறு பக்கம் இருக்கிறது. அதைப் பற்றி நீங்கள் கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள், அதைப் படித்துத்தான் நான் பதறினேன். அதற்கு அப்புறம் வருகிறேன்.

கோர்ட்டு கொடுத்தது அல்ல

பலரும் செய்கிற தவறு இது. பாஸ்டனில் பள்ளிப் பஸ் என்றாலே எல்லோருக்கும் 1974-இல் நீதிபதி காரிட்டி கொடுத்த தீர்ப்பும், பஸ்கள் மேல் கல் விழுந்த காட்சிகளும்தான் நினைவுக்கு வரும். அது நகரத்துக்குள்ளேயே பிள்ளைகளைக் கட்டாயமாக இடம் மாற்றிய கதை. மெட்கோ அதற்கு எட்டு வருடம் முன்னால், 1966-இல், கருப்பினப் பெற்றோர்கள் போராடித் தொடங்கிய திட்டம். ரூத் பேட்சன் என்ற ஒரு தாய் 1963-இல் பாஸ்டன் பள்ளிக் குழுவின் முன் நின்று, "எங்கள் பிள்ளைகளின் பள்ளிகள் இனவாரியாகப் பிரிக்கப்பட்டிருக்கின்றன, அதை ஒப்புக்கொள்ளுங்கள்" என்று வாதாடினார். குழு ஒப்புக்கொள்ளவில்லை. 1965-இல் மாநிலக் கல்வி ஆணையர் கீர்னன் தலைமையில் ஒரு குழு ஆராய்ந்து அறிக்கை கொடுத்தது: பாதிக்கு மேல் வெள்ளையர் அல்லாத பிள்ளைகள் படிக்கும் பள்ளிகள் மாநிலத்தில் 55, அதில் 45 பாஸ்டனில். அந்த வருடம் ஆகஸ்டிலேயே, அப்படிப்பட்ட பள்ளிகளைச் சரிசெய்யச் சொல்லும் இனச் சமநிலைச் சட்டம் வந்துவிட்டது. அடுத்த வருடம் செப்டம்பரில் 220 பிள்ளைகள் ஏழு புறநகர்களுக்குப் பஸ் ஏறினார்கள். பிற்பாடு அந்தத் திட்டத்தை நடத்தியவரும் அதே பேட்சன்தான்.

இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், உங்கள் மகன் ஏறுகிற பஸ்ஸுக்கே மூலம் ஒரு குழு அறிக்கைதான். கமிஷன் என்றால் மூடத்தான் வருவார்கள் என்று நினைக்கிறீர்கள். திறப்பதற்கும் அது வழியாக இருந்திருக்கிறது.

கோர்ட்டு கொடுக்கவில்லை என்பதில் இன்னொரு பக்கமும் இருக்கிறது, அதையும் மறைக்கக் கூடாது. எந்த நீதிமன்ற ஆணையும் இந்தத் திட்டத்தைக் காவல் காக்கவில்லை. மாசசூசெட்ஸ் பொதுச் சட்டத் தொகுப்பில் 76-ஆம் அத்தியாயம், 12ஏ பிரிவு என்று ஒன்று இருக்கிறது. ஓர் ஊரின் பள்ளிக் குழு விரும்பினால் வேறு ஊர்ப் பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்ளலாம், செலவுக்கு மாநிலம் பணம் தரும் என்பதுதான் அதன் சாரம். "விரும்பினால்" என்ற சொல்லைக் கவனியுங்கள். தன்னார்வத் திட்டம் என்றால் நாம் விரும்பி அனுப்புகிறோம் என்று மட்டும் புரிந்துகொள்கிறோம், ஆனால் அந்த ஊரும் விரும்பித்தான் சேர்க்கிறது. எந்த வகுப்பில் எத்தனை இடம் என்பதை வருடா வருடம் அந்த ஊர்தான் முடிவு செய்கிறது. பணமோ ஒவ்வொரு வருடமும் மாநில பட்ஜெட்டில் 7010-0012 என்ற ஒரு வரியாக வந்து போகிறது, சமீப வருடங்களில் 30 மில்லியன் டாலரை ஒட்டி. இன்று 33 புறநகர்ப் பள்ளி மாவட்டங்களும் 3,000-க்கு மேற்பட்ட பிள்ளைகளும் அந்த ஒரு வரியை நம்பி இருக்கிறார்கள்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் கவனிக்க வேண்டியது என்று நினைப்பது இதைத்தான். ஜனவரியில் ஆளுநர் பட்ஜெட் வைப்பார், ஏப்ரலில் கீழவை, மே மாதம் செனட், ஜூலை 1 புது நிதியாண்டு. கமிஷனைப் பற்றி ஒரு வருடம் முழுக்கப் பேசிக்கொண்டே இருந்துவிட்டு இந்த மாதங்களைத் தவறவிட்டால், அறிக்கை வருவதற்கு முன்பே பஸ் குறைந்துவிடலாம்.

கமிஷன் என்ன செய்யும், என்ன செய்யாது

வாட்ஸ்அப்பில் வந்தது மசோதாவா, நிறைவேறிய தீர்மானமா என்று முதலில் பாருங்கள். இந்த மாநிலத்தில் எந்தக் குடிமகனும் தன் உறுப்பினர் மூலமாக ஒரு மசோதாவைத் தாக்கல் செய்ய முடியும், அதனால் ஒவ்வொரு கூட்டத்தொடரிலும் ஆயிரக்கணக்கில் வந்து குவிகின்றன, அதில் பெரும்பாலானவை குழுவிலேயே நின்றுவிடும். சட்டமன்ற இணையதளத்தில் எண்ணைப் போட்டுத் தேடினால் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று தெரியும். எண் இல்லாமல் வெறும் செய்தியாக வந்திருந்தால், அனுப்பியவரிடம் எண் கேளுங்கள், கிடைக்காவிட்டால் அதை மேலும் யாருக்கும் அனுப்பாதீர்கள்.

உண்மையிலேயே அமைந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். வழக்கமாக இப்படிப்பட்ட கமிஷனில் இரு அவை உறுப்பினர்கள், மாநிலக் கல்வித் துறையின் பிரதிநிதி, பள்ளி நிர்வாகங்களின் சார்பில் சிலர், திட்டத்தை நடத்துகிறவர்கள் இருப்பார்கள். ஆவணங்களைக் கேட்பார்கள், பொது விசாரணை வைப்பார்கள், குறித்த தேதிக்குள் இரு அவைகளின் செயலரிடமும் அறிக்கை கொடுப்பார்கள். அவ்வளவுதான். ஒரு பிள்ளையைக்கூட அவர்களால் பள்ளியைவிட்டு அனுப்ப முடியாது. அறிக்கையில் உள்ள பரிந்துரையைச் செயல்படுத்துவதற்கே மறுபடி ஒரு மசோதா வேண்டும், விசாரணை வேண்டும், இரு அவையும் நிறைவேற்ற வேண்டும், ஆளுநர் கையெழுத்துப் போட வேண்டும்.

அந்தத் தீர்மானத்தின் வாசகத்தைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள், அரைப் பக்கம்தான் இருக்கும். எதை ஆராயச் சொல்கிறார்கள்? நிதி போதுமா, பஸ் செலவை யார் ஏற்பது, இன்னும் ஊர்களைச் சேர்க்கலாமா என்றெல்லாம் கேட்டிருந்தால் அது வளர்க்கிற நோக்கம். "தொடர வேண்டிய தேவை உண்டா" என்ற தொனி இருந்தால் விழித்துக்கொள்ளுங்கள். அப்புறம் உறுப்பினர் பட்டியலில் மெட்கோ பெற்றோர் ஒருவருக்காவது நாற்காலி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லை என்றால், மசோதா குழுவில் இருக்கும்போதே அதைக் கேட்க வேண்டும். என் அனுபவத்தில் பெற்றோர்கள் பெரும்பாலும் அறிக்கை வந்த பிறகுதான் கொதிக்கிறார்கள், நாற்காலி போடுகிற நேரத்தில் யாரும் வருவதில்லை.

சரி, மோசமான நிலையையும் பார்த்துவிடுவோம். வேறு மாநிலங்களில் இப்படிப்பட்ட திட்டங்கள் முடிந்திருக்கின்றன. மில்வாக்கியில் 1976-இலிருந்து நடந்த 'சாப்டர் 220' திட்டத்துக்கு விஸ்கான்சின் சட்டமன்றம் 2015 பட்ஜெட்டில் புதுச் சேர்க்கையை நிறுத்தியது. செயின்ட் லூயிஸில் ஒரு காலத்தில் பத்தாயிரத்துக்கு மேல் பிள்ளைகள் புறநகர்ப் பள்ளிகளுக்குப் போனார்கள், அங்கே கடைசிப் புதுச் சேர்க்கை 2023-24 கல்வியாண்டு. இரண்டு இடத்திலும் கதவை மூடியது புதிதாக வருகிறவர்களுக்கு, ஏற்கெனவே உள்ளே இருந்த பிள்ளைகளைத் தொடர விட்டார்கள். இங்கேயும் அப்படித்தான் நடக்கும் என்று நான் உறுதி கொடுக்க முடியாது, ஆனால் நடுவில் ஒருநாள் பையனைக் கையைப் பிடித்து வெளியே விடுவார்கள் என்ற உங்கள் பயத்துக்கு இந்த இரண்டு ஊர்களின் வரலாற்றில் ஆதாரம் இல்லை.

உச்ச நீதிமன்றத் தீர்ப்பைப் பற்றிச் சுருக்கமாக. 2023 தீர்ப்பு ஹார்வர்ட், வட கரோலினா பல்கலைக்கழகங்கள் மாணவர் சேர்க்கையில் இனத்தைப் பார்ப்பது கூடாது என்றது, அது மெட்கோவைப் பற்றியது அல்ல. பள்ளிகளுக்கு அதைவிட நெருக்கமானது 2007-இல் சியாட்டில், லூயிவில் நகரங்களின் வழக்கு. ஒரு குறிப்பிட்ட பிள்ளையின் இனத்தை மட்டும் வைத்து இடம் கொடுப்பதோ மறுப்பதோ கூடாது என்று அங்கே சொன்னார்கள். ஆனால் பள்ளிகளில் பிரிவினையைக் குறைப்பது நியாயமான நோக்கம்தான், அதற்கு வேறு வழிகள் உண்டு என்று நீதிபதி கென்னடி தனியாக எழுதினார், ஐந்துக்கு நான்கு என்று பிரிந்த அந்த அமர்வில் அவர் கருத்துக்குத்தான் எடை. ஆகவே எந்தக் கமிஷன் வந்தாலும் இடம் எப்படித் தரப்படுகிறது என்பதைத் துருவுவார்கள். திட்டம் ஏற்கெனவே பழைய காத்திருப்புப் பட்டியலை விட்டு லாட்டரிக்கு மாறியிருக்கிறது. இந்தத் தீர்ப்பால் உங்கள் மகன் சட்டவிரோதமாகப் படிக்கிறான் என்று குழுவில் யாரோ எழுதியது தவறு.

கொழுந்தனார் வீட்டு முகவரி

வேண்டாம். நல்ல மனதோடுதான் சொல்கிறார், அதில் சந்தேகமில்லை, நம் ஊரில் சித்தப்பா வீட்டில் தங்கிப் படிப்பது சாதாரணமாக நடக்கிற விஷயம். இங்கே 76-ஆம் அத்தியாயம் 5-ஆம் பிரிவு, ஒரு பிள்ளை உண்மையாக எங்கே வசிக்கிறதோ அந்த ஊர்ப் பள்ளியில் படிக்க உரிமை உண்டு என்கிறது. "உண்மையாக" என்பதுதான் முக்கியம். மீறினாலோ மீறுவதற்கு உதவினாலோ, அந்த ஊர் செலவிட்ட பணம் முழுவதையும் திருப்பிக் கட்டச் சொல்லலாம் என்றும் அதே பிரிவில் இருக்கிறது. உதவியவர் என்றால் கொழுந்தனார். ஒரு பிள்ளைக்கு ஒரு வருடச் செலவு பல ஆயிரம் டாலர். விசா புதுப்பிக்க வேண்டிய குடும்பம், பொய் முகவரியில் கையெழுத்துப் போட்ட காகிதம் ஒன்று எங்கேயாவது இருப்பதை நான் விரும்பமாட்டேன். அதைவிட, இப்போது உங்கள் மகன் அந்தப் பள்ளியில் நேர்மையாக, சட்டப்படி, தலை நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறான். அதை நீங்களே எடுத்துப் பறித்துவிடாதீர்கள்.

இப்போது அந்தக் கடைசி வரி. "வாடகை ஏறினால் அடுத்த வருஷம் குயின்சி பக்கம் போகலாம் என்று இருக்கிறோம்" என்று எழுதியிருக்கிறீர்கள். டார்செஸ்டரிலிருந்து நெபோன்செட் ஆற்றைத் தாண்டினால் குயின்சி, பாலத்தில் இரண்டு நிமிடம். ஆனால் குயின்சி பாஸ்டன் அல்ல. மெட்கோ பாஸ்டன் நகரில் வசிக்கும் பிள்ளைகளுக்கானது. (மேற்கே ஸ்பிரிங்ஃபீல்டில் அந்த நகரப் பிள்ளைகளுக்காக இதேபோல் ஒன்று உண்டு, உங்களுக்கு அது பொருந்தாது.) ஆற்றைத் தாண்டிக் குடிபோனால் மகனின் தகுதி போய்விடும், அதற்கு எந்தக் கமிஷனும் தேவையில்லை. வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன் மகனின் பள்ளியிலுள்ள மெட்கோ இயக்குநரிடம் பேசுங்கள், ஹைட் பார்க், மட்டாபான், ரோஸ்லிண்டேல் பக்கம் வீடு கிடைக்குமா பாருங்கள், அதெல்லாம் நகர எல்லைக்குள்தான். இருநூறு டாலர் வாடகை மிச்சம் பிடிக்கப் போய் ஐந்து வருடப் படிப்பை நடுவில் முறித்துவிட்டோமே என்று பிறகு வருந்த வேண்டாம்.

மகளுக்கு அண்ணன் படிக்கிறான் என்பதால் இடம் தானாக வராது. அவளுக்குத் தனியாக விண்ணப்பம், அவள் வகுப்பில் எந்த ஊர் எத்தனை இடம் திறக்கிறதோ அதைப் பொறுத்தது. கிடைத்தால் மகிழ்ச்சி, அதை நம்பி வேறு வழி பார்க்காமல் இருக்காதீர்கள், பாஸ்டன் பள்ளிகளுக்கும் அதே நேரத்தில் பதிவு செய்துவையுங்கள்.

விசாவும் சாட்சியமும்

கமிஷன் முன் பேசவோ எழுதிக் கொடுக்கவோ குடியுரிமை தேவையில்லை, கட்டணம் இல்லை, சம்பளம் வாங்காமல் தன் பிள்ளைக்காகப் பேசும் தாய் எங்கேயும் பதிவு செய்துகொள்ள வேண்டியதில்லை. ஆனால் கொடுக்கிற கடிதம் பொது ஆவணம் ஆகும், இணையத்தில் ஏறலாம் என்பதை மனதில் வைத்து எழுதுங்கள். விசா, வேலை பற்றி ஒரு வார்த்தையும் வேண்டாம், கேள்விக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. மகனின் முழுப் பெயர், பிறந்த தேதி, பஸ் நிற்கும் இடம் வேண்டாம். "டார்செஸ்டரில் வசிக்கும் ஒரு தாய்" போதும். மகனின் மதிப்பெண்ணையோ நடத்தைக் குறிப்பையோ பள்ளி தானாகக் கமிஷனிடம் கொடுத்துவிடும் என்று பயந்திருக்கிறீர்கள். பெயரோடு கூடிய மாணவர் ஆவணங்களைக் கூட்டாட்சிச் சட்டமும் மாநில விதிகளும் காக்கின்றன. ஆய்வுக்குப் போவது பொதுவாக மொத்தக் கணக்குகள்தான்.

இத்தனைக்கும் மேலாக, எழுதுங்கள் என்றுதான் சொல்வேன். டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தின் பொருளாதார ஆய்வாளர் எலிசபெத் செட்ரென், விண்ணப்பித்து இடம் கிடைத்தவர்களையும் கிடைக்காதவர்களையும் ஒப்பிட்டுப் பார்த்து, மெட்கோவில் படித்தவர்கள் நான்கு வருடக் கல்லூரிக்குப் போவது கூடுகிறது, புறநகர்ப் பிள்ளைகளின் படிப்பு அதனால் குறையவில்லை என்று காட்டியிருக்கிறார். எண்களைக் கமிஷன் அங்கிருந்து எடுத்துக்கொள்ளும். உங்களிடம் இருப்பது வேறு. போன பிப்ரவரியில் நடந்ததை எழுதியிருந்தீர்களே, பையனுக்கு 102 டிகிரி காய்ச்சல் என்று நர்ஸ் போன் செய்ய, கார் இல்லாமல், மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு ரெட் லைன் மெட்ரோ ரயிலில் கடைசி ஸ்டேஷன் ஏல்வைஃப் வரை போய், அங்கே பஸ்ஸுக்குக் காத்திருந்து, போய்ச் சேர இரண்டு மணி நேரம் ஆனதும், அங்கே பையன் நர்ஸ் அறையில் ஷூவைக்கூடக் கழற்றாமல் சுருண்டு தூங்கிக்கொண்டிருந்ததும், நர்ஸ் தன் சால்வையை அவன்மேல் போர்த்தியிருந்ததும். அதே மாதம் வயலின் நிகழ்ச்சி முடிய நேரமானபோது மாலைப் பஸ் போய்விட்டது என்றும், வகுப்புத் தோழனின் அம்மா அவனைத் தன் காரில் டார்செஸ்டர்வரை கொண்டுவந்து விட்டார் என்றும் எழுதியிருக்கிறீர்கள்.

இதை எந்த அறிக்கையும் சொல்லாது. அவசர நேரத்துக்கு ஒரு வாகனம் வேண்டும், மாலை நிகழ்ச்சிகளுக்குத் தாமதப் பஸ் வேண்டும் என்று நீங்கள் கேட்டால், அந்த இரண்டு நாள்தான் காரணம் என்று எல்லோருக்கும் புரியும். திட்டத்தைப் புகழ்ந்து மட்டும் எழுதினால் படித்துவிட்டு வைத்துவிடுவார்கள், குறையை மட்டும் எழுதினால் மூட நினைப்பவர்கள் அதைத் தூக்கிப் பிடிப்பார்கள். நர்ஸின் சால்வையையும் அந்த இரண்டு மணி நேரத்தையும் ஒரே பத்தியில் வையுங்கள். ஒரு பக்கம் போதும். கமிஷனுக்கு ஒன்று, உங்கள் தொகுதியின் கீழவை உறுப்பினர், செனட்டர் இருவருக்கும் ஒவ்வொன்று. அப்புறம் அந்தக் காரில் கொண்டுவந்து விட்ட அம்மாவிடமும் ஒரு கடிதம் எழுதச் சொல்லுங்கள். அவருடைய ஊருக்கு வேறு உறுப்பினர், அந்த ஊரின் பள்ளிக் குழுவுக்கு ஓட்டுப் போடுபவர் அவர், நீங்கள் அல்ல. இடம் திறப்பதும் மூடுவதும் அந்தக் குழு என்பதால் அவர் கடிதத்துக்கு உங்கள் கடிதத்தைவிட அங்கே பலம் அதிகம்.

பையனுக்குப் பன்னிரண்டு வயது. அவன் எழுத விரும்புகிறானா என்று கேட்டுப் பாருங்கள், வற்புறுத்த வேண்டாம். எழுதினால் முதல் பெயர் மட்டும் போட்டு அனுப்பலாம். எழுத்துப் பிழையைத் திருத்துங்கள், அவன் சொன்னதைத் திருத்தாதீர்கள், பஸ்ஸில் தூக்கம் வருகிறது என்று எழுதியிருந்தாலும் அப்படியே இருக்கட்டும்.